சட்டப் பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு ராஜபாளையத்துக்காரர்

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர்தான். ஆனால் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்குத் துணையாகச் சில முறை அங்கே போயிருக்கிறேன். வராந்தாவில் காத்திருந்த நேரங்களில் ஒன்றைக் கவனித்தேன். வழக்குக்காக வந்திருந்தவர்களில் பலருக்குத் தம் வழக்கு உரிமையியலா குற்றவியலா என்பதே தெரியவில்லை. வக்கீல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வாய்தா தேதியைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எனக்குத் துணையாக வந்தவர் என்று நான் நினைத்த என் படிப்பும் அங்கே பெரிதாக உதவவில்லை. மதரஸாவில் வாரிசுரிமைப் பங்குகளைக் கணக்குப் போடக் கற்றிருந்தேன். அந்தக் கணக்கு நாட்டின் சட்டத்தில் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதன்பிறகு சட்டத்தின் அடிப்படைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கத் தொடங்கினேன். அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயங்களில் வரும் வழக்குகளின் பெயர்களில் திரும்பத் திரும்ப ஒரு தரப்பு வந்தது: சென்னை அரசு. ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு. ரமேஷ் தாப்பர் எதிர் சென்னை அரசு. சென்னை அரசு எதிர் செண்பகம் துரைராஜன். சென்னை அரசு எதிர் வி.ஜி. ராவ். இந்தியா முழுக்க சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வழக்குகள் இவை. இவை தொடுக்கப்பட்டபோது அந்தச் சென்னை அரசுக்குத் தலைமை வகித்தவர் யார் என்று பார்த்தால், நம் பக்கத்து மனிதர். ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா.

அவர் வக்கீல் அல்ல. சட்ட மேதையும் அல்ல. ஆனால் அவருடைய 3 ஆண்டு ஆட்சியைப் படித்தால் அரசியலமைப்பு, குற்றவியல், ஒப்பந்தம், குடும்பம் என்ற நான்கு சட்டங்களின் அடிப்படையும் விளங்கிவிடும். அந்த நோக்கத்தோடுதான் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

தாய் தந்தையற்ற பிள்ளை

பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8 அன்று ராஜபாளையத்தில் பிறந்தார். பிறந்த எட்டாம் நாள் தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். பாட்டியின் வளர்ப்பில் ஆளானார். அன்று இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-ல்தான் புதிதாக உருவான ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று வளர்ந்தவர்.

இளமையில் காந்தியடிகள் மீதும் சத்தியமூர்த்தி மீதும் பற்றுக் கொண்டு காங்கிரசில் சேர்ந்தார். வசதியான குடும்பத்துப் பிள்ளை கதர் உடுத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1934-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946-ல் பிரகாசம் தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவையில் இடம் பெற்றார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியபின், 1949 ஏப்ரல் 6 அன்று மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. ஆந்திரப் பகுதிகள், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. நான்கு மொழி பேசும் மக்களை ஆள வேண்டிய பொறுப்பு.

தமிழக அரசின் ஆணைகளிலும் சான்றிதழ்களிலும் நாம் காணும் கோபுர முத்திரை 1949-ல் வந்தது. அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கோபுரம் என்பது நம் பகுதியில் பரவலாகச் சொல்லப்படுவது.

ஒரே இரவில் மாறிய பதவி

1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாகாணப் பிரதமர் குமாரசாமி ராஜா, சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். பதவியின் பெயர் மாறியது சிறிய விஷயம். பெரிய மாற்றம் வேறு.

அரசியலமைப்புச் சட்டம் என்றால் என்ன? மற்ற எல்லாச் சட்டங்களையும் பிறப்பிக்கும் சட்டம் அது. யார் சட்டம் இயற்றலாம், எதைப் பற்றி இயற்றலாம், எதுவரை இயற்றலாம் என்று எல்லை வகுப்பது. வெள்ளையர் காலத்தில் அரசு ஒரு சட்டம் போட்டால் குடிமகன் அதற்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். 1950-க்குப் பிறகு அரசே ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றாகிவிட்டது. 13-வது பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது. 32-வது பிரிவு, உரிமை பறிக்கப்பட்டவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது. 226-வது பிரிவு, உயர் நீதிமன்றத்துக்குப் போக வழி தருகிறது.

குமாரசாமி ராஜாவின் அரசு, பழைய பழக்கத்தோடு புதிய வீட்டில் குடியேறிய அரசு. அதனால்தான் வாசற்படியில் அடிக்கடி தலை இடித்துக்கொண்டது.

சிறையும் குற்றவியல் சட்டமும்

அன்றைய அரசுக்குப் பெரும் சவாலாக இருந்தது கம்யூனிஸ்ட் இயக்கம். தெலுங்கானா ஆயுதப் போராட்டத்தின் சூடு பக்கத்திலேயே இருந்தது. 1949-ல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தார்கள். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சிறையின் கொடுமையைத் தாமே அனுபவித்த ஒருவரின் ஆட்சியில் நடந்தது இது. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர் இந்தக் கறையைத் தாண்டிப் போக முடியாது.

அதே காலத்தில் சிறையில் இருந்தவர் மலபாரைச் சேர்ந்த ஏ.கே. கோபாலன். 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தார். ஒரு வழக்கு முடிந்தால் மற்றொரு ஆணை என்று காவல் நீண்டுகொண்டே போனது. 1950 மார்ச் 1 அன்று, புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அவர்மீது மறுபடியும் ஆணை போடப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

இந்த இடத்தில் குற்றவியல் சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் இன்னொருவரைத் தாக்கினால் அது இருவருக்கும் இடையிலான சண்டை மட்டுமல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம். அதனால்தான் குற்ற வழக்கை அரசே நடத்துகிறது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி. இந்த நான்கு வரிகளில் குற்றவியல் சட்டத்தின் உயிர் இருக்கிறது. தடுப்புக் காவல் இதற்கு விதிவிலக்கு. செய்த குற்றத்துக்கான தண்டனை அல்ல அது, செய்யக்கூடும் என்ற அச்சத்தில் அடைத்து வைப்பது. வழக்கமான கைதுக்கு 22-வது பிரிவு மூன்று பாதுகாப்புகளைத் தருகிறது: கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பும் வக்கீலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்புகள் இதே வடிவில் கிடைப்பதில்லை.

1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையினர் அரசின் பக்கம் நின்றார்கள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் நடைமுறையைப் பின்பற்றினால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று 21-வது பிரிவின்கீழ் நீதிமன்றம் ஆராயாது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த 14-வது பிரிவை மட்டும் செல்லாது என்றார்கள். பெரும்பான்மையோடு உடன்படாதவர்களில் முக்கியமானவர் நீதிபதி சையித் ஃபஸ்ல் அலி. பீகாரைச் சேர்ந்தவர். ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை, பெயருக்கு ஒரு நடைமுறையாக இருந்தால் போதாது, நீதியின் அடிப்படைகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று அவர் கருத்து தோற்றது. 28 ஆண்டுகள் கழித்து 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. இன்று 21-வது பிரிவின்கீழ் நாம் அனுபவிக்கும் உரிமைகளில் பலவற்றுக்கு அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பு விதை.

பத்திரிகையும் சங்கமும்

அதே 1950 மார்ச் 1 அன்று இன்னொரு ஆணையும் வந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்ற தடை. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தீர்ப்பு வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய 19(2) பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களில் பொது ஒழுங்கு இல்லை. ஆகவே பொது ஒழுங்கின் பெயரால் போட்ட அந்தத் தடை செல்லாது என்றது நீதிமன்றம். கோபாலன் வழக்கில் குடிமகனின் சுதந்திரத்துக்காக எழுதிய ஃபஸ்ல் அலி, இந்த வழக்கில் அரசின் பக்கம் நின்று மாறுபட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நீதிபதியை நம் ஆள், பிறர் ஆள் என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சாட்சி.

மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்ட விரோதமானது என்று 1950 மார்ச் 10 அன்று அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. அதன்மீது போடும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமானதா என்று பார்க்கும்போது சட்டத்தின் நோக்கத்தை மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் நாம் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

பதினான்கில் ஒன்று

இந்த இரண்டு வழக்குகளிலும் அரசு தோற்றது மக்களுக்கு நல்லதாக முடிந்தது என்று தோன்றலாம். அடுத்த வழக்கு அப்படி எளிதாக முடிவு சொல்ல விடாது.

நீதிக்கட்சிக் காலத்திலிருந்து சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை இருந்தது. 1947-ல் திருத்தப்பட்ட அதன்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராஜனும், பொறியியல் கல்லூரி தொடர்பாகச் சீனிவாசனும் வழக்குத் தொடுத்தார்கள். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்துச் செய்தது. குமாரசாமி ராஜாவின் அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அரசு நடத்தும் கல்லூரியில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் இடம் மறுக்கக் கூடாது என்ற 29(2) பிரிவு அவர்கள் கையில் இருந்தது.

தமிழகத்தில் பெரியாரும் திராவிட இயக்கங்களும் கிளர்ச்சியில் இறங்கின. விளைவாக, தாப்பர் வழக்கையும் செண்பகம் வழக்கையும் மனதில் கொண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 1951 ஜூன் 18 அன்று அது நடைமுறைக்கு வந்தது. கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அதில் பிறந்தது. பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கு என்ற கட்டுப்பாடும் அதில்தான் நுழைந்தது. சென்னை மாநில ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அந்தத் திருத்தம் உருவாக்கிய ஒன்பதாவது அட்டவணையில் பாதுகாக்கப்பட்டது.

2007-ல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீடு மதத்தின் பெயரால் வந்ததல்ல, பின்தங்கிய நிலையின் பெயரால் வந்தது. 1951-ல் விழுந்த இடத்தில் எழுந்த 15(4)-ன் நிழலில்தான் நம் பிள்ளைகள் கல்லூரியில் இடம் பெறுகிறார்கள். விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை ஏன் கேட்கிறார்கள், மதச் சான்று ஏன் போதாது என்று கேட்கும் பெற்றோருக்கு விடை இதில் இருக்கிறது.

வாடகை வீடும் ஒப்பந்தமும்

1949-ல் அவருடைய அரசின் காலத்தில் வந்த இன்னொரு சட்டம், சென்னைக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாட்டை அது விரிவாக வகுத்தது. நியாய வாடகையை நிர்ணயிக்க அதிகாரி உண்டு. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற சொல்லப்பட்ட காரணங்கள் இருந்தால்தான் வெளியேற்ற முடியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை இதில் தெளிவாகும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒரு தரப்பு முன்மொழிய வேண்டும், மறு தரப்பு ஏற்க வேண்டும், இரு பக்கமும் பிரதிபலன் இருக்க வேண்டும், இருவரும் 18 வயது நிரம்பிய, சுயபுத்தி உள்ளவர்களாக இருக்க வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும். மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழையான புரிதல் இவற்றால் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடம் படித்தவர்களுக்கு ஈஜாபும் கபூலும் புதிதல்ல. முறை வேறு, ஆனால் மனம் ஒப்பிய சம்மதம் என்ற அடித்தளம் ஒன்றுதான்.

ஆனால் இருவர் ஒப்புக்கொண்டுவிட்டாலே எல்லாம் செல்லும் என்பதில்லை. பலவீனமான தரப்பைக் காக்கச் சட்டம் குறுக்கே வரும். வாடகைச் சட்டம் அதற்குச் சான்று. அந்தச் சட்டம் பின்னர் 1960-ல் மாறியது. 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. நம் கடைத்தெருக்களில் இன்றும் வாய்ப்பேச்சிலேயே கடைகள் கைமாறுகின்றன. வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலும் புரோநோட்டிலும் நம்பிக்கையின் பேரில் கையெழுத்துப் போடுகிறோம். கடனை எழுதி வைத்து சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் செய்யத் தகாத காரியம் இது.

சகோதரியின் பங்கு

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்ட சட்டமும் அதே 1949-ல்தான் வந்தது. ஆனால் அதைப் பற்றி நம்மில் பேசுகிறவர்கள் குறைவு.

1937-ல் மத்திய சட்டசபை முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) நடைமுறைச் சட்டத்தை இயற்றியது. வாரிசுரிமை, திருமணம், மணவிலக்கு, மஹர், ஜீவனாம்சம், ஹிபா, வக்ஃப் ஆகியவற்றில் ஊர் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு ஷரீஅத்தின்படியே தீர்க்க வேண்டும் என்றது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது. அன்று விவசாய நிலம் மாகாண அதிகாரத்தில் இருந்ததே காரணம். சொத்தென்றால் நிலம்தான் என்றிருந்த காலத்தில் நிலத்தை விட்டுவிட்டால் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? 1949-ன் 18-வது சென்னைச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. அன்றுமுதல் சென்னை மாகாணத்தில் விவசாய நிலமும் ஷரீஅத் வாரிசுரிமைக்குள் வந்தது.

ஆக, இன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு முஸ்லிம் தந்தை தோப்பும் வயலும் விட்டு இறந்தால், மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது வெறும் மார்க்க போதனை அல்ல. நீதிமன்றத்தில் நிற்கும் சட்ட உரிமை. முதலில் கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வசிய்யத், அதன்பிறகு பங்கீடு. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று.

நான் துணைக்குப் போன வழக்கின் வேரும் இதுவே. கல்யாணத்துக்கு நகை போட்டாகிவிட்டது என்று சொல்லி, சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார்கள். ஒரு சகோதரிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டவே இல்லை. சம்மதம் சுதந்திரமானதா என்ற ஒப்பந்தச் சட்டக் கேள்வி, குடும்பச் சட்டத்துக்குள் வந்து நின்ற இடம் அது. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகளிடம் பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்குவதும் நம்மிடையே உண்டு. இறப்புக்கு முன் வாரிசுக்கு உரிமையே பிறக்கவில்லை, பிறக்காத உரிமையை விட்டுக்கொடுப்பது பொதுவாகச் சட்டத்தில் நிற்காது, மார்க்கத்திலும் நிற்காது.

நிக்காஹ் நம் மார்க்கத்தில் ஒரு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தால் வரும் மஹர், கணவன்மீது கடன். 1939-ன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் நான்கு ஆண்டு காணாமல் போனாலும், இரண்டு ஆண்டு பராமரிக்காமல் விட்டாலும் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம் என்கிறது. 2009 முதல் தமிழகத்தில் எல்லாத் திருமணங்களுக்கும் அரசுப் பதிவு கட்டாயம். 2019 முதல் ஒரே நேரத்தில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்பதோடு தண்டனைக்குரிய குற்றமும் ஆகிவிட்டது. தனியார் அமைப்புகள் குலாச் சான்றிதழ் வழங்க முடியாது, நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஜமாஅத் சமரசம் செய்யலாம், அது நன்மையான பணி. ஆனால் ஜமாஅத்தின் லெட்டர்பேடு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது என்பதை நிர்வாகிகள் முதலில் உணர வேண்டும். நம் காகிதத்தை நம்பி மறுமணம் செய்து, பின் சட்டச் சிக்கலில் மாட்டும் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

கோயில் சட்டமும் நம் பள்ளிவாசலும்

1951-ல் குமாரசாமி ராஜாவின் அரசு இந்து சமய அறநிலையச் சட்டத்தை இயற்றியது. உடுப்பிப் பகுதியின் சிரூர் மடத் தலைவர் அதை எதிர்த்தார். 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதச் சுதந்திரம் நம்பிக்கையை மட்டுமல்ல, வழிபாட்டு நடைமுறைகளையும் காக்கும். ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிய வேண்டும். அதேநேரம் மத நிறுவனத்தின் சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். இந்து மடத்தின் வழக்கில் வந்த இந்தத் தீர்ப்புதான், பின்னர் பள்ளிவாசல், தர்கா, வக்ஃப் வழக்குகள் பலவற்றிலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஒரு சமயத்தாருக்குக் கிடைத்த நீதி மற்ற எல்லாச் சமயத்தாருக்கும் கேடயமாகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தோல்வியும் அதன்பின்

1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. முதலமைச்சரான குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். அவர் அரசு சிறையில் வைத்திருந்த ஏ.கே. கோபாலன் அதே தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். ஏப்ரல் 10 அன்று ராஜாஜியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு குமாரசாமி ராஜா விலகினார். வி.ஜி. ராவ் வழக்கில் அரசு தோற்ற தீர்ப்பு வந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. நீதிமன்றத்திலும் தோற்று, மக்கள் மன்றத்திலும் தோற்றவர், இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

1954 பிப்ரவரியில் அவர் ஒரிசாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அங்கே அவருக்கு முன்பு ஆளுநராக இருந்து, அந்த நாற்காலியை விட்டுச் சென்றவர் யார் தெரியுமா? கோபாலன் வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய அதே சையித் ஃபஸ்ல் அலி. மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. அந்த ஆணையத்தின் பணியே பிறகு இன்றைய தமிழ்நாட்டின் எல்லைகள் உருவாக வழி வகுத்தது. 1956 செப்டம்பர் வரை குமாரசாமி ராஜா அந்தப் பதவியில் இருந்தார்.

ராஜபாளையத்தில் இருந்த தம் சொந்த வீட்டையே பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம் ஆனது. ஆட்சியில் இருந்தவர்கள் சொத்துச் சேர்ப்பதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, இருந்த வீட்டையும் கொடுத்துவிட்டுப் போன ஒரு முதலமைச்சர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது நினைவில் இருக்க வேண்டும். 1957 மார்ச்சில் தம் 58-வது வயதில் காலமானார்.

நமக்கான பாடம்

அவருடைய ஆட்சியில் தவறுகள் இருந்தன. அவற்றைத் திருத்தியவர்கள் யார்? ஒரு சிறைக் கைதி, ஒரு வார இதழ் ஆசிரியர், ஒரு சங்கத்தின் செயலாளர். தம் உரிமை இது என்று தெரிந்திருந்ததுதான் அவர்களுடைய பலம். கோபாலன் தோற்றார், ஆனால் அவர் தோல்வியிலிருந்தே நாளை ஜெயிக்கும் வாதம் பிறந்தது. சட்டம் தெரிந்தவன் தோற்றாலும் அடுத்த தலைமுறைக்கு ஏதோ ஒன்றை விட்டுச் செல்கிறான்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. ஆனால் நிரபராதி என்ற அனுமானமும், 24 மணி நேர விதியும், புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்ற உரிமையும் மாறவில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும், பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. நீதிமன்ற வளாகங்களிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது.

நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு படிக்கும் மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் அரசியலமைப்பும் சொல்லிக்கொடுக்கலாம். நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் இமாம், மணமகளுக்கு மஹர் பற்றிய உரிமையையும் பதிவின் அவசியத்தையும் இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லலாம். பத்திரம் எழுதும் வீட்டில், கையெழுத்துப் போடப் போகும் சகோதரிக்கு அதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லி நாம் ஒருவர் எழுந்து நிற்கலாம். அந்தப் பெரியவரின் வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. சகோதரிகளுக்கு உரிய பங்கு கிடைத்தது. ஆனால் ஊரில் ஒருவர் அன்றே எழுந்து நின்றிருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் வராந்தாவில் அந்தக் குடும்பம் கழித்த ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.